பல் தடம் பதிந்த ஈயக்குண்டு

தம்பி,

நீ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கோயம்புத்தூர் பஸ் ஏறிப் போய் இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு போன் செய்கிறாய். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். "அம்மா நல்லாருக்குதா?" என்று நீ கேட்பது எனக்கே கேட்கிறது. "இருக்கு, இங்கிட்டுதான் இருக்கு, தரவா?" என்பார் அப்பா. "வேணாம்ப்பா, அப்பறம் பேசிக்கிறேன்" என்கிறாய். உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீ எதற்காகக் கோபப்பட்டிருக்கிறாயோ அது மிகச் சின்னது. உண்மையில் நீ என்மேல் கோபப்பட வேண்டிய காரியம் ஒன்று பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்திருக்கிறது. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை நான் மூடி ஒட்டி அனுப்பவில்லை, நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதினால் பாதியில் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இந்தக் கடற்கரையில் நம் வீட்டைப் போல இன்னும் சில வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஈயம் உருகிக்கொண்டிருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

அன்றைக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். அரிமளத்திலிருந்து நித்யாவின் வீட்டார் நம் வீட்டில் கை நனைக்க வந்திருந்தார்கள். சம்பந்தம் பேசி முடித்தபின் முதன்முதலாக நம் வீட்டில் சாப்பிடும் நாள். கட்டுமாவடிக்கு வந்துவிட்டு மீன் இல்லாமல் எப்படி என்று அப்பா விடியற்காலையிலேயே போய் பெரிய கொடுவா வாங்கிவந்திருந்தார். நீயோ உன் பெருமையை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி வைத்திருந்தாய். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள். நீயே வார்த்து, நீயே வண்ணப் பவுடர் பூசி, நீ வாங்கிவந்த ஓவனில் சுட்டு எடுத்தவை. சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு. நித்யாவின் அப்பா ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "மாப்ள, பெயிண்டு ஒரியவே மாட்டேங்குதே!" என்றார். நீ சிரித்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அப்போதுதான் நித்யாவின் அக்கா மகன், இரண்டு வயதுகூட முடியாத பிள்ளை, தட்டிலிருந்து ஒரு சிவப்புக் குண்டை எடுத்து வாயில் போட்டான். "டேய், அது மிட்டாய் இல்லடா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் குழம்பு வாளியைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று எனக்கே தெரியாது. ஓடிப்போய் அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவன் மறுபடி தட்டுக்குக் கையை நீட்டியதும் அந்தக் கையில் அடித்தேன். பலமாகத்தான் அடித்திருக்கிறேன். பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதான். "என்ன மதினி, பச்சப்புள்ளய இப்புடி அடிக்கிறீங்க? முழுங்கவா போறான்?" என்று நித்யாவின் அம்மா எழுந்துவிட்டார்கள். "அவளுக்கு எல்லாத்துக்கும் பதறித்தான் பழக்கம், நீங்க ஒக்காருங்க, மீனு ஆறுது" என்று அப்பா சமாளித்தார். சாப்பிட்டார்கள். ஆனால் யாரும் இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

அவர்கள் போனபின் நீ அடுப்படிக்கு வந்தாய். "ஏம்மா இப்புடி மானத்த வாங்குற? அதுக்கு மேல பவுடர் போட்டிருக்கு. ஈயம் வாயில படவே படாது. அதுக்குத்தான நான் இவ்வளவு மெனக்கெட்டேன்?" என்றாய். நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "வாயத் தொறந்து சொல்லேன்" என்றாய். சொல்ல முடியவில்லை தம்பி. ஏனென்றால் அந்தப் பிள்ளையின் வாயில் நான் பார்த்தது உன் வாயை.

நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண் என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் கடலை இரண்டே இரண்டு முறை பார்த்தவள். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். புதுக்கோட்டையில் மூன்று வருஷம் வேதியியல் படித்தேன். இருபத்தொரு வயதில் கட்டுமாவடிக்கு வாழ வந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டவர்களுக்கு எங்கள் அப்பா "வலைச் சாமான் யாவாரம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். வந்த பிறகுதான் பார்த்தேன். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு அடுப்பு. அதன்மேல் இரும்புச் சட்டி. பழைய லாரி பேட்டரிகளை உடைத்து எடுத்த ஈயத் தகடுகளும், கிழிந்த வலைகளிலிருந்து அறுத்த பழைய குண்டுகளும் ஒரு சாக்கில் கிடக்கும். உருகியதும் மேலே ஆடைபோல ஒரு கசடு படியும். அப்பா அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டுவார். அது காய்ந்தால் சாம்பல் போலப் பறக்கும். அடியில் இருப்பது நிலா வெளிச்சம் பட்ட தண்ணீர் மாதிரி மினுங்கும். அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டினால் கொய்யாப் பிஞ்சளவு குண்டுகள் பொலபொலவென்று விழும். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. வியர்வை வழிய, ஒரு துளி சிந்தாமல் ஊற்றும் உன் அப்பாவின் கை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புதுப்பெண்ணாக இருந்த என் கண்ணுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை என்று எழுதினால் பொய். தெரிந்தது. இரண்டாம் வருஷப் பாடத்தில் ஈயத்தைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. அதில் அது உடம்பில் என்ன செய்யும் என்பதும் இருந்தது. ஊர் முழுக்க ஈயத்தைத் தொட்டுப் பிழைக்கிறதே, பாடப்புத்தகம் என்ன கண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ பிறந்து, தவழ்ந்து, ஓட ஆரம்பித்தாய். உனக்கு ஐந்து வயது நடக்கும்போது அப்பா உன்னை மடியில் உட்காரவைத்து வலையில் குண்டு பூட்டக் கற்றுக்கொடுத்தார். வீச்சுவலைக்குச் சின்னக் குண்டு. நடுவில் வாய் பிளந்திருக்கும். கயிறை அந்தப் பிளவில் வைத்துக் கடித்தால் வாய் மூடிக்கொள்ளும். குறடு இருக்கத்தான் இருந்தது. ஆனால் கட்டுகிறவர்கள் எல்லோரும் பல்லால்தான் கடிப்பார்கள். கை கயிறை விடாமல் இருக்கும், வேலை வேகமாக ஓடும். நீ அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டாய். பால்பல்லால் ஒவ்வொன்றாகக் கடித்து மூடுவாய். வருகிறவர்களிடம் எல்லாம் அப்பா, "பாருங்கண்ணே, எம் மகன் பல்லுத் தடம். இந்த வலையில எத்தன மீனு தப்பும்?" என்று காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் நீ வேலை இல்லாத நேரத்திலும் வாயில் ஒரு குண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றாய். கன்னம் உப்பியிருந்தது. "துப்புடா, அது என்ன கடலை மிட்டாயா?" என்றேன். நீ துப்பிவிட்டு, "இனிக்குதும்மா" என்றாய்.

தம்பி, அந்த ஒரு வார்த்தை போதும். கல்லூரியில் எங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதியதுகூட எனக்கு ஞாபகம் வந்தது. ஈயத்தின் உப்புகள் இனிக்கும், ஒருவகைக்கு ஈயச் சர்க்கரை என்றே பழைய பெயர், குழந்தைகள் அதனால்தான் விடாமல் சப்பும் என்று அவர் சொன்னபோது வகுப்பில் நாங்கள் எல்லோரும் 'உவ்வே' என்று சிரித்தோம். அந்தச் சிரிப்புச் சத்தம் வரைக்கும் கேட்டது. இது தெரியாத ஒரு தாய் உன் 'இனிக்குதும்மா'வைக் கேட்டுச் சும்மா இருந்திருந்தால் மன்னிப்பு உண்டு. நான் உன் வாயைக் கழுவிவிட்டேன். "இனிமே வாயில வச்ச, சூடு போட்டுருவேன்" என்று மிரட்டினேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் அவர் மடியில் உட்கார்ந்து நீ கடித்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருஷம் முழுக்க உனக்கு வயிற்றுவலி. சாப்பாட்டைக் கண்டாலே ஓடுவாய். நாலு நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போவாய், அதற்கும் அழுவாய். முகம் வெளுத்து, மண்ணைத் தின்ன ஆரம்பித்தாய். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், ஒன்றும் கேட்கவில்லை. அறந்தாங்கியில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அப்பா வெளியே பைக் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா உன் ஈறை விலக்கிப் பார்த்தார்கள், கண்ணை இழுத்துப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்கள். "வீட்டுல என்னம்மா தொழில்? பழைய பேட்டரி, பெயிண்ட், ஈயம், இந்த மாதிரி ஏதாவது வேல நடக்குதா?"

"இல்லிங்க டாக்டர். அவுங்க யாவாரம் பாக்குறாங்க" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமாங்க."

அவர்கள் மறுபடி பேனாவை எடுத்தார்கள். பிறகு இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார்கள். நான் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன சொன்னாக?" என்றார் அப்பா. "ரத்தம் கம்மியாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். தொழில் நின்றுபோகும் என்று பயந்தேன் என்று முதலில் நினைத்தேன். அதிகாரிகள் வந்து அடுப்பை உடைப்பார்கள், அப்பாவுக்கு அசிங்கம் என்று பயந்தேன் என்று பிறகு நினைத்தேன். இரண்டும் இருந்தன. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் நாக்கைக் கட்டியது அந்த அம்மாவின் அடுத்த கேள்வி. 'நீ என்னம்மா படிச்சிருக்க?' என்று அவர்கள் கேட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். ஆமாம் என்று சொன்னால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வேதியியல் என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். என் வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் கொடுத்தேன். இதைவிட நாகரிகமாக எழுத எனக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து என்னால் முடிந்ததைச் செய்தேன். அந்தப் புகையில் தலைவலிக்கிறது என்று நச்சரித்து, அடுப்பை அடுப்படிச் சுவரிலிருந்து கொல்லைக் கடைசிக்கு மாற்றவைத்தேன். அப்பாவின் சட்டையைத் தனியாகத் துவைத்தேன். பல்லு கெட்டுப்போகும் என்று சொல்லி உன் கையில் குறடைக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு பொய்க் காரணம் சொன்னேன், உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மெல்ல மெல்ல உன் வயிற்றுவலி நின்றது. சாப்பிட ஆரம்பித்தாய். தப்பித்துக்கொண்டோம் என்று நினைத்தேன்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. உனக்கு எழுத்து நிற்கவில்லை. காலையில் படித்தது மத்தியானம் போய்விடும். அந்த வருஷங்களில்தான் நான் வீட்டில் டியூஷன் எடுத்தேன். தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் படித்து மார்க் வாங்கினார்கள். நீ மட்டும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பாய். மற்ற பிள்ளைகளை அடிக்காதவள் உன்னை மரஸ்கேலால் அடித்தேன். "கவனம் எங்க போகுது? ஊரு புள்ளைக்கெல்லாம் ஏறுது, எம் புள்ளைக்கு ஏறலைன்னா நீ வேணும்னே செய்ற" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். ஒருமுறை பின்னக் கணக்கில் உன் விரல்முட்டியில் அடித்து வீங்கிவிட்டது. அப்போது நீ அழாமல், "என்னய என்னம்மா பண்ணச் சொல்ற? எம் மண்டையில மண்ணுதான் இருக்கு" என்றாய். எட்டு வயது உனக்கு.

அதை நீ இன்றுவரை சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நித்யாவின் அப்பா என்ன படிப்பு என்று கேட்டபோதுகூட, "ஐடிஐ மாமா, அதுக்கு மேல மண்டையில எடம் இல்ல" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். நான் காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். ஈயத்தால்தான் உனக்குப் படிப்பு வரவில்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஈயத்தைத் தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வராமல் போகிறது. அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உன் ரத்தத்தைச் சோதித்திருப்பார்கள், தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் அடைத்தேன். ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், நீ இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். நீ சோம்பேறியாக இருந்ததில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. நான் அடித்த ஒவ்வொரு அடியும் எனக்கு விழ வேண்டியது.

அப்பா வார்ப்பதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. கடையில் ரெடிமேட் குண்டு வந்தது, அவர் கையும் நடுங்க ஆரம்பித்தது. நீ கோயம்புத்தூர் பக்கம் ஜன்னல் சட்டத்துக்கு பவுடர் கோட்டிங் போடும் பட்டறையில் சேர்ந்தாய். போன பொங்கலுக்கு வந்தபோது, கல்யாணத்துக்கு அப்புறம் ஊரோடு வந்து அப்பாவின் அடுப்பிலேயே குண்டு வார்க்கப்போவதாகச் சொல்லி நீ எனக்குச் செய்துகாட்டினாயே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளையும் பவுடரையும் போட்டு மூடி, கரகரவென்று குலுக்கினாய். "பாரும்மா, ஒரசுற ஒரசுல கரண்ட்டு மாதிரி ஒண்ணு வரும், பவுடர் தானா ஒட்டிக்கும்" என்றாய். திறந்தால் எல்லாம் மாவில் புரட்டிய உருண்டைகள் போல இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டாமல் தகட்டில் அடுக்கி, ஓவனில் இருநூறு டிகிரியில் இருபது நிமிஷம் வைத்தாய். பவுடர் உருகி வழவழப்பாகப் பிடித்துக்கொண்டது. "இதுக்கு மேல ரொம்ப சூடு போனா ஈயமே எளகிரும். அளவு தெரிஞ்சு வைக்கணும்" என்று நீ சொன்னபோது, மூன்று வருஷம் வேதியியல் படித்த எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை என்று நினைத்தேன். மண்டையில் மண் இருக்கிறவன் இப்படிப் பேசமாட்டான் தம்பி.

பவுடர் பூசினால் கையில் கருமை ஒட்டாது என்று நீ சொல்வது சரி. கட்டுகிறவனின் கைக்கு அது நல்லது. ஆனால் பவுடர் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பேட்டரியை உடைக்க வேண்டும், உருக்க வேண்டும், கசடு வழிக்க வேண்டும். அந்தச் சாம்பல் உன் சட்டையில், தலைமுடியில், வாசல்மிதியில் ஏறி வீட்டுக்குள் வரும். பவுடர் அதை எப்படித் தடுக்கும்? கயிறு நுழையும் துளைக்குள் பவுடர் சரியாகப் பிடிக்கவில்லை, நானே குச்சி விட்டுப் பார்த்தேன், கருப்பாக வந்தது. ஓவனை அடுப்படியில் கேஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, "பகல்ல குண்டு, சாயந்தரம் நித்யா கேக்கு சுடட்டும்" என்றாய். அந்தப் பிள்ளை போனில் கேக் படம் படமாக அனுப்பி, "அத்தை, ஒங்க வீட்டு ஓவன் எத்தன லிட்டரு?" என்று ஆசையாகக் கேட்டது. அதே தகட்டில், அதே சூட்டில், உன் மனைவி சாப்பிடுவாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போதும் சாப்பிடுவாள். இன்னொன்றும் யோசி. பார்க்க அழகே இல்லாத சாம்பல் நிறக் குண்டையே நீ கடித்தாய். சிவப்புக் குண்டை உன் பிள்ளை விடுமா?

நீ போன மூன்றாம் நாள் அரிமளத்துக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு, அந்தச் சின்னவனிடமும் அவன் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். நித்யாவின் அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு, "விடுங்க மதினி, புள்ளைக்குத் தொண்டையில சிக்கிருமோன்னு பதறியிருப்பீங்க" என்று அவர்களே எனக்கு ஒரு காரணம் எடுத்துக்கொடுத்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். பார், இந்த வயதிலும் எனக்கு அது எவ்வளவு லேசாக வருகிறது!

பஸ் ஏற்றிவிட நித்யா வந்தாள். பஸ் வர நேரமானது. நிழற்குடையில் உட்கார்ந்திருந்தபோது, "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்கள்ல?" என்றாள். "கேளும்மா." "அன்னைக்கு நீங்க அவன் வாயில கைய விட்டப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். தொண்டையில சிக்கும்னு பயந்த மொகம் இல்ல அது. அந்தக் குண்டுல என்ன இருக்கு?"

மறுபடியும் அதே கேள்வி. டாக்டரம்மா கேட்டதையே உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் கேட்கிறாள். என் நாக்கு பழைய பக்கமே போகப் பார்த்தது. ஒன்றுமில்லம்மா என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். பிறகு சொன்னேன். "ஈயம்மா. அது புள்ளைகளுக்கு வெசம். மிச்சத்த நான் மொதல்ல எம் மகன்கிட்டச் சொல்லணும். அவன் ஒன்கிட்டச் சொல்லுவான்." பஸ் வந்ததும் என் பையை வாங்கி ஏற்றிவிட்டு, "சீக்கிரம் சொல்லிருங்க அத்தை" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டென்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "இத்தன வருசமா நீயும் நானும் செத்தா போயிட்டோம்?" என்று முதலில் கேட்டார். நீ சொன்ன 'இனிக்குதும்மா'வைச் சொன்னேன். தன் நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாந்தானடி அவனுக்குக் கடிக்கச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சட்டியக் கவுத்திருப்பேனே" என்றார். அவர் சொல்வது உண்மை. சொன்னாலும் அவர் கேட்கமாட்டார் என்று எனக்குள் வைத்திருந்த கணக்கும் அன்றோடு பொய்த்தது. பிறகு எழுந்துபோய், நான் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் ஒருவராகவே அந்த ஓவனை அடுப்படியிலிருந்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். இப்போது அது தார்ப்பாய் மூடி வெளியே இருக்கிறது. 'ஓவன் எப்புடிப்பா இருக்கு' என்று நீ கேட்கும்போதெல்லாம் அவர் இருமிவிட்டுப் பேச்சை மாற்றுவது அதனால்தான். உன்னிடம் சொல்லச் சொன்னால், "அது ஒன் வேல" என்கிறார்.

உன் தொழிலை விடச் சொல்லி இதை எழுதவில்லை. உன் கையில் நல்ல வேலை இருக்கிறது. இந்த வீட்டில், இந்தக் கொல்லையில், அந்த அடுப்படியில் அது கூடாது. இது நான் கெஞ்சுவது இல்லை, தீர்மானமாகச் சொல்வது. படகுத்துறை தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் ஒரு தகரக் கொட்டகை போடலாம் என்று அப்பா இடம் பார்த்துவைத்திருக்கிறார். வேலைச் சட்டை அங்கேயே கிடக்கட்டும். குளித்துவிட்டு வீட்டுக்கு வா. பேட்டரி உடைப்பதை அறவே விடு. அல்லது ஈயமே வேண்டாம் என்று வேறு எதையாவது வார்க்க உனக்குத் தோன்றினால், அதை யோசித்துக் கண்டுபிடிக்கிற மூளை உனக்கு உண்டு என்று உன் அம்மா இப்போது சொல்கிறேன். பதினாறு வருஷம் தாமதம்தான். அந்த ஓவன் மட்டும் இனி உணவுக்கு ஆகாது. நித்யாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொடு. ஏன் என்று அவளிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு. என்னைப் பற்றியும் சொல்லிவிடு. இப்படிப்பட்ட மாமியார் வீட்டில் வாழ வரலாமா என்று யோசிக்க அவளுக்கு உரிமை உண்டு.

நீ கடித்த குண்டுகளில் ஒன்றை நான் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அப்பா பெருமைக்காக எடுத்துவைத்தது, பிறகு நான் வேறு காரணத்துக்காகப் பத்திரப்படுத்தினேன். இரண்டு சின்னப் பல்லின் தடம் அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒன்று கொஞ்சம் சாய்ந்த பல். உனக்கு ஆறு வயதில் விழுந்த பல் அது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் வைகாசிக் கல்யாணத்துக்கு முன், சித்திரை கடைசிச் சனிக்கிழமைக்கு மூன்று பேர் பெயரைப் பதிந்துவைத்திருக்கிறேன். உன் பெயர், அப்பா பெயர், என் பெயர். அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்பதை இன்றைய ரத்தத்தில் பார்க்க முடியாது என்று அங்கே இருந்த நர்ஸ் போனிலேயே சொல்லிவிட்டாள். பரவாயில்லை. இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதாவது தெரியட்டும். நித்யா வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் தெரியட்டும். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராவிட்டாலும் பரவாயில்லை, வா.

உள்ளே போனதும் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். நீ பேசாமல் உட்கார்ந்திரு தம்பி. இந்த முறை நான் பதில் சொல்கிறேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டால், அதற்கும் சொல்கிறேன்.

அம்மா